எண்ணெய் முடிந்த இடம்

குருநகரில் கரண்ட் இல்லாத மூன்றாவது வருசம்.
சவிரியான் அங்கிளின் வலைக்கொட்டிலில்
வாடகை ரீவி, வாடகை டெக்,
காசநோய்க்காரன் போல இருமும் ஒரு ஜெனரேற்றர்.
தலைக்கு ஐந்து ரூபா, இல்லாவிட்டால்
கால்போத்தல் மண்ணெண்ணெய்.
எனக்கு இலவசம்.
"வீட்டுப் பிள்ளை" என்றார் அங்கிள்,
வாசலில் காசு வாங்கியவனிடம்.
நான் வந்து அப்போது ஐந்து மாதம்.

கறுப்பு வெள்ளைப் படம்.
ஆருடைய சண்டையோ, எந்த நாட்டுப் பனியோ.
கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு பெடியன்
ரெயிலால் இறங்கி நிற்கிறான்.
எல்லோரும் அட்டையைப் பார்க்கிறார்கள்.
மாப் படிந்த கையோடு ஒருத்தி வந்துதான்
அதை வாசிக்கிறாள்.

கச்சேரியில் வேலைபார்த்த குலவீரசிங்கம்
ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து
இங்கிலீசைத் தமிழில் சொன்னார்.
நாலுபேர் கதைத்தாலும் ஒரே குரல்.
அந்த மனுசி நெடுநேரம் விம்மிச் சொன்னதை
"சாப்பிடட்டாம்" என்று முடித்தார்.
கொட்டில் முழுக்கச் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கிளாலிக் கடலில் நனைந்து, தனியாக,
நான் வந்து நின்ற விடியலிலும்
அவ்வளவுதான் சொன்னார்கள்.

அவளை என்னவென்று கூப்பிடுவதென்று தெரியாமல்
பெடியன் பாவாடை நுனியை இழுப்பான்.
நான் பிலோமினா அன்ரியைக்
கூப்பிடாமலே இருக்கப் பழகியிருந்தேன்.
முன்னால் போய் நின்றால் போதும்.

பிறகு ஒரு படலை.
படலையைத் திறக்கும் ஒரு கை,
கையுறை போட்ட கை மட்டும்.
ஜெனரேற்றர் இரண்டுதரம் விக்கி நின்றது.
"எண்ணெய்! எண்ணெய்!" என்று ஒருவன் கத்தினான்.
ஆரிடமும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது, முதன்முதலாக, நானாகக் கேட்டேன்:
"ஆர் வந்தது?"
கொஞ்சத்தூரம் பேசாமல் நடந்தா.
"தபால்காரன்.
நான் கலியாணத்துக்கு முதல் ரீகலில பாத்தனான்.
தாய் செத்துப்போனா எண்டு கடிதம் வரும்.
பெடியன் அங்கயே நிண்டு
பாண் போடப் பழகுவான்."
அன்றிரவு அவவின் சேலைக்குள் முகம்வைத்து அழுதேன்.
பெடியனுக்காக என்றுதான்
இரண்டுபேரும் வைத்துக்கொண்டோம்.

போன மாதம், முப்பது வருசம் கழித்து,
போனில் தற்செயலாக அந்தப் படம்.
கையுறைக்குள் இருந்தது தபால்காரனில்லை.
தாய்.
மெலிந்து, தலைமயிர் ஒட்டக் கத்தரித்து.
பெடியன் மாக்காரியின் பின்னால் ஒளிக்கிறான்.
அவள் குனிந்து
பாவாடையைப் பிடித்த விரல்களை
ஒவ்வொன்றாக, நோகாமல், கழற்றுகிறாள்.

குசினிக்குப் போனேன். சூடை வெட்டிக்கொண்டிருந்தா.
"முடிவை மாத்திச் சொல்லியிருக்கிறியள்."
செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்தா.
"எண்ணெய் முடிஞ்சு போச்சு.
நான் என்ன செய்யிறது?"

அப்போதுதான் அந்தப் பை ஞாபகம் வந்தது.
கதவுக்குப் பின்னால், ஆணியில்.
ஊரே சாவகச்சேரிக்கு நடந்த மழையில்
தையல்மெசினை விட்டுவிட்டு
அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தா.
உள்ளே ஒரு சட்டை, ஒரு சோடி செருப்பு,
உப்புத்தண்ணியில் மை கரைந்த என் பிறப்புப்பத்திரம்,
ஒரு பக்கற் பிஸ்கட்.
ஒவ்வொரு நத்தாருக்கும் சட்டையை எடுத்து
என் முதுகில் வைத்துப் பார்ப்பா.
கட்டையாகிவிட்டால் புதிதாக ஒன்று தைத்து
அதே பைக்குள் மடித்து வைப்பா.
பழைய பிஸ்கட்டை நானும் அங்கிளும் தின்போம்.
தைத்ததைப் போடத் தராத மனுசி என்று
கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.
பதினாறு வயதுச் சட்டைவரை.

படலை கிறீச்சிட்டால்
அவவின் கண் முதலில் போவது
ஆணிக்கு.

"அவ வந்திருந்தா விட்டிருப்பியளோ?"

"சூடை பழுதாப் போகும்.
மிளகாய்த்தூளை எடு, பிள்ளை."

எடுத்துக்கொண்டு
முன்னால் போய் நின்றேன்.